ஈரத்தலையோடு பனிமலைக்கு

தேவராஜாவுக்குக் குளிர் புதிதில்லை. டண்டினோங் பக்கத்தில் ஒரு பெரிய குளிர்க்களஞ்சியத்தில் அவருக்கு வேலை. உறைந்த பட்டாணி, உறைந்த மீன், உறைந்த பரோட்டா என்று மெல்பேர்ண்காரர் நாளைக்குத் தின்னப்போகிற எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும் அறைக்குள், பஞ்சு வைத்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். மூச்சு விட்டால் புகை. கொஞ்ச நேரம் நின்றால் மீசை வெள்ளை. வெளியே வெயில் கொளுத்துகிற தை மாதத்திலும் அவருக்கு உள்ளே மார்கழிதான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு ஆசை என்றால், நல்ல சுடுமணலில் மல்லாந்து கிடக்கவேண்டும் என்பதாக அல்லவா இருக்கவேண்டும்? அதுதான் இல்லை. குடும்பத்தோடு பனிமலைக்குப் போகவேண்டும், காலில் பலகை கட்டிச் சறுக்கவேண்டும், பனி விழும்போது அதற்குக் கீழே நிற்கவேண்டும். கலியாணம் கட்டின காலத்திலிருந்து இந்த ஆசை அவரோடு நோபல் பார்க் வீட்டில் குடியிருந்தது.

"வேலையில கிடைக்கிற குளிர் காணாதெண்டு மலையேறி வேற வாங்கப் போறியளோ?" என்று மனைவி ரஞ்சினி கேட்பார். ரஞ்சினி குழந்தைகள் காப்பகம் ஒன்றின் குசினியில் வேலை செய்பவர். நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவருக்கு இந்த ஆசையின் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை.

"அது பெட்டிக்குள்ள அடைச்ச குளிர். இது வானத்தில இருந்து வாற குளிர்" என்பார் தேவராஜா. அதற்கு மேல் அவருக்கும் விளக்கத் தெரியாது. களஞ்சியத்துக்குள் எல்லாம் இருந்தது, பனி விழுவது ஒன்றைத் தவிர.

ஆசைக்கு வித்து போட்டவர் சிறி அண்ணா. தேவராஜாவின் பெரியப்பாவின் மகன். இருவரும் ஒரே காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள். ஒருவரைக் காலம் ரொறன்ரோவில் கொண்டுபோய் இறக்கியது, மற்றவரை மெல்பேர்ணில். போன முதல் மாரிக்குளிரிலேயே சிறி அண்ணா ஒரு படம் எடுத்து அனுப்பினார். இரவல் கார் ஒன்றில் கையை ஊன்றிக்கொண்டு, தோல் ஜாக்கெட், வெறுந்தலை, அந்தச் சுருட்டை முடி முழுக்கப் பனிப்பூ, முகத்தில் ஊரையே வாங்கிவிட்ட சிரிப்பு. பிறகு பேசுகிறபோதெல்லாம் சிறி அண்ணா சீண்டுவார். "டேய் ராசா, நீயும் ஒரு வெளிநாடு எண்டு போனாய், கங்காரு மட்டும்தான் இருக்கு. ஸ்னோவுக்குள்ள நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு, பிறகு கதைப்பம்!" தேவராஜாவும் "இந்த வரியம் பாருங்கோ அண்ணா" என்பார். அந்த வருடம் எந்த வருடமென்று இருவரும் கேட்டுக்கொள்வதில்லை. காலம் போகப்போகச் சிறி அண்ணாவுக்கே பனி அலுத்துவிட்டது. "அள்ளி அள்ளி நாரி முறிஞ்சு போச்சடா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவார். ஆனாலும் படத்தைக் கேட்பதை மட்டும் விடவில்லை.

மலைக்குப் போகாமலே மலையைப் பார்க்கத் தேவராஜா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பிறைட் என்ற சின்ன ஊருக்கு மேலே உள்ள மலையில், பனி எவ்வளவு விழுந்திருக்கிறது என்று காட்டுவதற்காகக் கமரா ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். போனில் திறந்தால் போதும், அந்த நேரத்து மலை தெரியும். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள், இவர் மலை பார்ப்பார். கமராவின் கண்ணுக்கு நேரே ஒரு மரவாங்கு. ஆனி மாதத்தில் அதன் கால் மறையும், ஆடியில் இருக்கை மறையும், நல்ல வருடமென்றால் முதுகுப்பலகையின் மேல் விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரியும். சிலநேரம் யாரோ வந்து பனியைக் கையால் தள்ளிவிட்டு உட்காருவார்கள். தேவராஜாவுக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பொறாமை வரும். தன் வாங்கில் ஆள் இருக்கிற மாதிரி ஒரு எண்ணம்.

மதியத்துக்குப் பிறகு களஞ்சியத்தில் வேலை கொஞ்சம் ஓயும். அப்போது ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு வெள்ளையாக உறைந்திருக்கும் பிளாஸ்டிக் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரைக்கு அந்தப்பக்கம் மலை. ரஞ்சினி சிவப்புத் தொப்பியோடு வாங்கில் இருக்கிறாள். பிள்ளைகள் மேலிருந்து சறுக்கிக்கொண்டு வருகிறார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள், அந்தச் சரிவுக்கு முடிவே இல்லை. யாராவது ஹோர்ன் அடித்தால்தான் மனிதர் திரும்பப் பட்டாணிப் பெட்டிகளிடம் வந்து சேருவார்.

இந்த வருடம் விஷயம் அவசரமாகிவிட்டது. மூத்தவள் மிருணாளினி தாதிப் படிப்பை முடித்துவிட்டாள். டார்வினில் வேலை. புரட்டாதியில் போய்ச் சேரவேண்டும். டார்வினில் பனி விழ இந்தப் பூமி தலைகீழாகத் திரும்பவேண்டும். சின்னவன் கஜீவனுக்கு அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை, பிறகு அவனும் தன்பாட்டில் போய்விடுவான். நாலு பேரும் ஒரே வீட்டில் எழும்புகிற கடைசி மாரி இதுதான் என்று தேவராஜாவுக்குத் தெரிந்திருந்தது. இதை விட்டால் விட்டதுதான்.

சரி, எப்போது போவது? இங்கேதான் நம்முடைய ஆட்களின் சோலி தொடங்குகிறது. பனி விழுகிற மாதங்கள்தான் எங்களுக்குக் கொண்டாட்ட மாதங்களும். ஒரு சனிக்கிழமை அரங்கேற்றம், போகாவிட்டால் குறை. அடுத்ததில் சாமத்தியவீடு, ரஞ்சினியோடு வேலை செய்பவரின் மகள் பெரியவளானதற்கு. ஒரு ஞாயிறு ஆடி அமாவாசை விரதம். பிறகு நல்லூர்க் கொடியேற்றம். கொடி ஏறுவது யாழ்ப்பாணத்தில் என்றாலும் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், நிற்பது நோபல் பார்க்கில். அது முடிய ஒரு கலியாணம். சுவரில் தொங்கிய கலண்டரில் சனி ஞாயிறு எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வட்டம். கடைசியில் மிருணாளினிதான் வழி சொன்னாள்.

"அப்பா, வை நொட் வீக்டேஸ்? புதன்கிழமை போவம். ஒருத்தரும் புதன்கிழமை கலியாணம் வைக்கமாட்டினம்."

ஆவணியில் ஒரு புதன் என்று முடிவாயிற்று. வெளியே மூச்சு விடக்கூடாது என்று ரஞ்சினி கட்டளை போட்டார். ஒரு ஆளுக்குச் சொன்னால் பத்துக் குடும்பம் வான் பிடித்துக்கொண்டு வந்துவிடும் என்பது அவரது பயம். தேவராஜா வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பக்கத்து வீட்டு ஜெயரட்ணம், பனிப்பாதையில் டயருக்குக் கட்டுகிற சங்கிலியை இவர் காரில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டார்.

"ஸ்னோவுக்கோ? நாங்கள் முந்திப் போனனாங்கள். ரைஸ் குக்கர் கொண்டுபோங்கோ" என்றார் ஜெயரட்ணம். "அங்க சோறு கிடையாது. சறுக்கேக்க விழுற மாதிரி இருந்தால் நீங்களே முந்திக் குந்தி இருந்திடுங்கோ. நான் அப்பிடித்தான் தப்பினனான்."

ரஞ்சினி ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்வதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வழியில் வாவிக்கரையில் நிறுத்திச் சாப்பிடுவதென்று பேச்சு. எதிர்த்து எதிர்த்துப் பேசிய அதே ரஞ்சினி, தனக்குச் சிவப்பில் ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வந்து கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்ததைத் தேவராஜா கதவிடுக்கால் கண்டார். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தான் ஒருநாளும் வாயால் சொல்லாத சிவப்புத் தொப்பி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு முழுக்க அதிசயப்பட்டுக்கொண்டு திரிந்தார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. ரொறன்ரோவிலிருந்து சிறி அண்ணாவின் மகன்.

"சித்தப்பா, அப்பா போயிட்டார்."

நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். பொடியன் அழவில்லை, களைத்துப்போன குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னான். "சனிக்கிழமை எடுக்கிறம். அம்மாவோட கதைக்கிறீங்களா?"

"பிறகு... பிறகு எடுக்கிறன் தம்பி" என்று வைத்துவிட்டார் தேவராஜா. வைத்த பிறகு, ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. காருக்குள் இருந்து கொஞ்ச நேரம் அழுதார்.

அழுது முடியத்தான் மற்ற எண்ணம் வந்தது. பெரியப்பாவின் மகன் என்றால் உரித்துத் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாள். கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, மச்சம் இல்லை, உல்லாசப் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முப்பத்தொரு நாள் கழிய மலையில் பனி கரைந்துவிடும், மிருணாளினி டார்வினில் இருப்பாள். வீட்டில் போய்ச் சொன்னால் ரஞ்சினி அந்த நிமிடமே பைகளை அவிழ்த்து வைத்துவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள். தேவராஜா போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். சொல்லாமல் விடுவது பாவமென்று தெரிந்துதான் சொல்லாமல் விட முடிவு செய்தார். வியாழன் மலை, வெள்ளி வீடு, வந்ததும் சொல்லிவிடலாம்.

ஆனால் செத்தவீட்டுச் செய்தி கேட்டவன் தலை முழுகாமல் இருப்பதெப்படி? அதை மட்டும் அவரால் விட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போய்த் தலையோடு வார்த்தார். பீனிசக்காரர், மாரியில் தலை நனைக்கவே மாட்டார். வெளியே வந்தபோது ரஞ்சினி குசினியில் நின்றார். அவர் தலையிலும் துவாய் சுற்றியிருந்தது.

"என்ன, தலை முழுகினனீரே?" என்றார் தேவராஜா. ரஞ்சினிக்கு எப்போதும் வெள்ளிக்கிழமைதான் முழுக்கு.

"போற இடத்தில தலை முழுக ஏலாது, அதுதான் முந்தியே முழுகினனான். நீங்களும் முழுகியிருக்கிறியள்?"

"வேலையில ஒரே தூசி."

குளிர்க்களஞ்சியத்தில் எங்கே ஐயா தூசி? ரஞ்சினி அதைக் கேட்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் பொய்யைக் காப்பாற்றுகிற பதற்றத்தில் இருந்த தேவராஜாவும் எதையும் யோசிக்கவில்லை.

புதன் காலை நாலு பேரும் கிளம்பினார்கள். பின்சீற்றில் அக்காவும் தம்பியும் ஒரே போர்வைக்குள். நெடுஞ்சாலையில் மூடுபனி. புல்வெளிகளில் ஆடுகள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றன. எத்தனையோ முறை மனதால் ஓட்டிய பாதை இது. அந்தக் கனவுப் பயணத்தில் சிறி அண்ணா உயிரோடு இருந்தார். ஒவ்வொரு ஊர்ப்பெயர்ப் பலகை வரும்போதும் தேவராஜா சந்தோஷத்தில் வேகத்தைக் கூட்டினார், குற்றவுணர்வில் குறைத்தார்.

சாப்பாட்டை நினைத்தால் வேறு கவலை. துடக்கோடு ஆட்டிறைச்சி தின்ன முடியாது. வயிறு சரியில்லை என்று சொல்ல ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தார். பெனல்லா வாவிக்கரையில் காரை நிறுத்தினார்கள். ரஞ்சினி பெட்டியைத் திறந்தார். கஜீவன் முதல் ரோல்ஸைக் கடித்துவிட்டுக் கத்தினான்.

"அம்மா! மட்டன் எங்க? திஸ் இஸ் பொட்டேட்டோ! யூ ப்ராமிஸ்ட்!"

"இறைச்சி நல்லதாக் கிடைக்கேல்லை" என்றார் ரஞ்சினி. "கிழங்கும் நல்லாத்தான் இருக்கு. தின்னு."

தேவராஜாவின் கையில் ரோல்ஸ் அப்படியே நின்றது. மற்றப் பெட்டியைத் திறந்தார். கத்தரிக்காய்ப் பொரியல், பருப்பு, சோறு. மூன்று நாளைக்கான சாப்பாட்டில் ஒரு நெத்தலிகூட இல்லை. நேற்று மாலை துவாய் சுற்றிய அந்தத் தலை இப்போதுதான் கண்முன்னால் வந்தது. ரஞ்சினியைப் பார்த்தார். ரஞ்சினி வாவியில் தாராக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரஞ்சினியின் தங்கையும் ரொறன்ரோவில்தான் இருக்கிறாள் என்பது மனிதருக்கு அந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தது.

கேட்கலாம். கேட்டால் இரண்டு பேருக்கும் தெரிந்ததாகிவிடும். தெரிந்த பிறகு காரைத் திருப்பாமல் இருக்க முடியாது. தேவராஜா கேட்கவில்லை. கிழங்கு ரோல்ஸை மென்று விழுங்கிவிட்டுக் காரை மலைப்பக்கம் விட்டார்.

அன்றிரவு பிறைட்டில் தங்கி, வியாழன் காலை மலைக்கு ஏறினார்கள். மேலே போகப்போக மரங்கள் வெள்ளையாகின. பேசிக்கொண்டே வந்த பிள்ளைகளும் ஒரு வளைவில் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்கள். வெள்ளை, அதற்குப் பின்னால் வெள்ளை, அதற்கும் அப்பால் நீலம் கலந்த வெள்ளை. கனவுக்குள் காரோட்டுவது இப்படித்தான் இருக்கும் போல.

சறுக்குவதற்கு வகுப்பு இருந்தது. சொல்லிக்கொடுத்த பெண், இரண்டு பலகையின் முனைகளையும் பீட்சாத் துண்டு மாதிரிச் சேர்த்து வைத்தால் நிற்கலாம் என்றாள். தேவராஜாவின் கால்கள் அதை ஏற்கவில்லை. முழங்கால் உயரக் குழந்தைகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. ஜெயரட்ணம் சொன்னதுபோல முந்தியே குந்திவிடலாம் என்று பார்த்தால், அதற்கு முன்பே விழுந்துவிட்டார். ஒரே ஒரு தடவை, எப்படியென்று தெரியாமல், கொஞ்ச தூரம் நேராக வழுக்கிக்கொண்டு போனார். காலுக்குக் கீழே நிலம் சத்தமில்லாமல் ஓடியது. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு அவருக்கு வயதும் இல்லை, ஊரும் இல்லை. பிறகு வேலியில் முட்டினார்.

பலகையைக் கழற்றிவிட்டு நடந்தபோது எதிரே வாங்கு. அதே வாங்கு. முதுகுப்பலகையின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. தேவராஜா பனியை இரண்டு கையாலும் அள்ளி ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் விழத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு வானம் முழுக்க, அவசரமே இல்லாமல். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார். பனி தலையில் இறங்கிக் கரைந்தது. சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்தது, அழுகை வந்ததும் சிறி அண்ணா வந்துவிட்டார்.

ரஞ்சினி இஞ்சித் தேத்தண்ணிப் போத்தலோடு சிவப்புத் தொப்பியில் வந்து பக்கத்தில் இருந்தார். மூடியில் ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"உமக்கு எப்ப தெரியும்?" என்றார் தேவராஜா.

"செவ்வாய்க்கிழமை. தங்கச்சி எடுத்தவள்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் வரமாட்டியள்" என்றார் ரஞ்சினி. "ஒவ்வொரு நாளும் போனுக்குள்ள இந்த வாங்கைப் பார்த்துக்கொண்டு இருக்கிற மனிசன். சிவத்த தொப்பி, சிவத்த தொப்பி எண்டு நித்திரையிலகூடப் புலம்பிறியள். எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் பையை அவிழ்த்துப்போடுவீர் எண்டு..."

ரஞ்சினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அண்ணியோட இன்னும் கதைக்கேல்லை. எனக்கு அதுதான் பெரிய பாரமாக் கிடக்கு. எடுங்கோ."

"இஞ்ச நிண்டோ?"

"பொய் சொன்னது காணும். இஞ்ச நிண்டுதான்."

பிள்ளைகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். மிருணாளினி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கஜீவன், "அதுதான் கிழங்கு" என்று மெதுவாகச் சொன்னான். தேவராஜா ரொறன்ரோவுக்கு எடுத்தார். அங்கே புதன் இரவு. திரையில் சிறி அண்ணாவின் மனைவி கல்யாணி அண்ணியின் முகம் வந்தது. அழுது வீங்கியிருந்தது.

"அண்ணி, நான் ராசா. உடன எடுக்காதது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஓம் தம்பி. எங்க நிக்கிறியள்? பின்னால வெள்ளையாக் கிடக்கு."

"மலையில, அண்ணி. ஸ்னோவுக்க. பிள்ளையளோட வந்தனாங்கள். தெரிஞ்சுகொண்டுதான் வந்தனாங்கள்."

அந்த வீட்டில் யாரோ தேவாரம் படிப்பது கேட்டது. தேவராஜா தலையைக் குனிந்துகொண்டார். எந்தப் பேச்சையும் வாங்கிக்கொள்ள அவர் தயாராக இருந்தார்.

"முதல்ல தலைக்கு ஏதும் போடுங்கோ" என்றார் அண்ணி. "தடிமன் பிடிக்கும். உங்கட அண்ணரும் இப்பிடித்தான், சொல்லச் சொல்லக் கேக்காம ஒவ்வொரு மாரியும் வெறுந்தலையோட திரிஞ்சவர்." குரல் உடைந்தது, மறுபடி சேர்ந்தது. "இஞ்ச கோடை, இப்பவும் வேர்க்குது. நல்லா விழுகுதோ அங்க? கொஞ்சம் காட்டுங்கோ."

தேவராஜா போனைத் திருப்பினார். மரங்களைக் காட்டினார், பிள்ளைகளைக் காட்டினார், வாங்கைக் காட்டினார். ரஞ்சினி தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் போட்டுவிட்டார்.

"இருங்கோ தம்பி, வைக்காதேங்கோ" என்றார் அண்ணி. "எத்தினை வரியமாக் கேட்டுக்கொண்டிருந்த மனிசன். அவருக்கும் ஒருக்காக் காட்டுவம்."

திரை ஆடியது. கூரை தெரிந்தது, ஆட்களின் தோள்கள் தெரிந்தன, பிறகு நின்றது. குத்துவிளக்கு. பூமாலை. மாலைக்குள் சிறி அண்ணாவின் படம், முடி நரைத்து, அதே சிரிப்பு.

தேவராஜா எழும்பி நின்றார். போனை மிருணாளினியிடம் கொடுத்து, தள்ளி நின்று பிடிக்கச் சொன்னார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். வாங்கில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அந்தப் பழைய படத்தில் அண்ணா நின்றமாதிரியே, வெறுந்தலையோடு நின்றார். ரஞ்சினி தடுக்கவில்லை. பனி விழுந்துகொண்டிருந்தது.